பந்திக்கு வரும் சிம்பொனி

நாலு பேருக்கு ரசம் வைக்கத் தெரிந்தவரிடம் நானூறு பேருக்கு வைக்கச் சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றையும் நூறால் பெருக்கிக்கொண்டு அண்டா முன்னால் நிற்கிறவர் அன்றைக்கே பெயரைக் கெடுத்துக்கொள்வார். கொதி வரவே முக்கால் மணி நேரமாகும். அதற்குள் கொத்தமல்லி கறுத்துப்போகும், பெருங்காய வாசனை பந்தலைத் தாண்டிப் போய்விடும். கல்யாணச் சமையலைத் தனித் தொழிலாக வைத்திருப்பது இதனால்தான்.

மேற்கத்திய செவ்வியல் ஆர்கெஸ்ட்ராவுக்குத் திறந்தவெளியில் மைக் வைப்பவரும் இந்த ஜாதிச் சமையல்காரர்தான். வியன்னாவில் 1870-இல் திறந்த மியூசிக்ஃபெரைனின் பொன் மண்டபத்தில் எண்பது தொண்ணூறு பேர் வாசிக்கும்போது ஒரு மைக்கும் வேண்டாம். மண்டபமே பாத்திரம், கூரையே மூடி. வயலின் நின்ற பிறகும் ஏறக்குறைய இரண்டு விநாடி அந்த ஒலி சுவருக்குச் சுவர் உலவிவிட்டுத்தான் அடங்கும். அதே குழுவைக் கலிபோர்னியாவின் ஹாலிவுட் பவுலில் உட்கார வையுங்கள். 1922 முதல் கச்சேரி நடக்கும் குன்றுச்சரிவு அது. சுமார் 17,500 பேர் உட்காரலாம். மேலே மூடி கிடையாது, வானம்தான். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் இறங்கும். பத்து மீட்டரில் உட்கார்ந்தவருக்கும் நூற்றறுபது மீட்டரில் உட்கார்ந்தவருக்கும் நடுவே 24 டெசிபெல் காற்றில் கரைந்துவிடுகிறது. மேடையில் மெல்லத் தொடங்கும் ஓபோ, கடைசி வரிசையில் யாரோ பிரிக்கும் சிப்ஸ் பாக்கெட்டிடம் தோற்றுப்போகும்.

ஆகவே மைக் வேண்டும். யார் சமையல்காரர், யார் பரிமாறுபவர் என்பதை மட்டும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று கண்டக்டர் ஒத்திகையில் நாள்கணக்காக உப்புப் பார்த்துவிட்டார். மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் வேலை அதை ஆறாமல், சிந்தாமல் கடைசி இலைவரை கொண்டுபோவது. இலைக்கு வந்த இடத்தில் அவர் மறுபடி தாளிக்கத் தொடங்கினால் சண்டை வரும். வெளியில் இருந்து பார்க்க எளிது. உள்ளே, அவரைத் தாளிக்க வைக்கும் காரணங்கள் ஒன்றிரண்டல்ல.

முதல் காரணம், பால். மைக்கில் நுழைந்த ஒலி ஸ்பீக்கரில் பெரிதாகி வெளியே வந்து, காற்றில் சுற்றி அதே மைக்கில் மறுபடி நுழைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மெலிந்துகொண்டே போனால் தொல்லையில்லை. ஏதோ ஒரே ஒரு சுருதியில் மெலியாமல் போனது போலவே திரும்பி வந்தால் போதும், அடுத்த கணம் கூட்டமே காதைப் பொத்திக்கொள்ளும் அந்த ஊளை கிளம்பும். அடுப்பில் பால் பத்து நிமிஷம் சாதுவாகத்தான் இருக்கும். பொங்குவது ஒரு நொடியில். அனுபவப்பட்டவர்கள் பொங்குவதைப் பார்ப்பதில்லை, ஓரத்தில் நுரை கட்டுவதைப் பார்க்கிறார்கள். ஊளைக்கு முன்னால் வாத்தியத்துக்கு ஒரு வால் முளைக்கும். குடத்துக்குள் வாசித்த மாதிரி ஒரு ரீங்காரம். அது கேட்ட இடத்திலிருந்து 6 டெசிபெல் இறங்கி நிற்பது தொழில் மரியாதை. அந்தச் சுருதியை மட்டும் ஈக்யூ என்ற சுருதி வடிகட்டியில் கிள்ளி எடுக்கலாம். நாலு கிள்ளு கிள்ளலாம். பத்தாவது கிள்ளுக்குப் பிறகு வயலினில் வயலின் இருக்காது.

அடுப்பைக் குறைக்காமல் பாலைக் காப்பாற்ற ஒரே நேர்மையான வழி, மைக்கை வாத்தியத்தின் பக்கத்தில் கொண்டுபோவது. ஒலிப்பதிவுக்காரர்களுக்கு இந்த நெருக்கடி இல்லை. 1950-களில் டெக்கா நிறுவனத்தார் ஒரு முறையைக் கண்டார்கள்: மூன்று மைக்குகளை ஒரே சட்டத்தில் முக்கோணமாகக் கட்டி, கண்டக்டர் தலைக்கு மேலே, மேடையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் தொங்கவிடுவது. டெக்கா மரம் என்று இன்றைக்கும் அதற்குப் பெயர். ஆர்கெஸ்ட்ரா முழுதும் கலந்து, பக்குவமாகி, அந்த உயரத்தில் வந்து சேர்கிறது. அருமையான வீட்டுச் சமையல். அதே மரத்தைத் திறந்தவெளியில் நட்டு ஸ்பீக்கரைத் திறந்தால், மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் வயலினைப் போலவே பக்கத்தில் முழங்கும் ஸ்பீக்கரும் அதில் விழும், பால் பொங்கிவிடும். மூன்று மீட்டரை முக்கால் மீட்டராக்கினால் இருமுறை பாதியாகிறது. வாத்தியம் 12 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும். அவ்வளவும் அடுப்பைத் தொடாமல் சம்பாதித்தது.

நெருங்கிப் போனால் ஒரு மைக் போதாது என்பது இதன் மறுபக்கம். நம் கச்சேரி மேடையில் பாட்டு, பிடில், மிருதங்கம், கடம் என்று ஆளுக்கொரு மைக் வைத்தாலும் ஒரு கை விரலுக்குள் அடங்கும். இங்கே எண்பது பேர். ஆளுக்கொன்று வைக்கலாமே என்று கேட்பவருக்குப் பதில், சமையலறை மூலையில் இருக்கும் சிலிண்டர். ஒரே சிலிண்டரில் நாலு அடுப்பை இணைத்தால் ஒவ்வொன்றின் தீயும் தணியும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்தோறும், ஊளைக்கு முன்னால் கிடைக்கும் இடம் 3 டெசிபெல் சுருங்கும். ஒன்று எட்டானால் 9 டெசிபெல் போச்சு. பயன்படாத மைக்கை மூடிவைப்பது இதனால்தான். ஹார்ப் வாசிப்பவர் இருநூறு மாத்திரை சும்மா உட்கார்ந்திருக்கையில் அவருடைய மைக் திறந்திருந்தால், எரியாத பானைக்கு அடியில் கேஸ் போகிறது என்று பொருள்.

சரி, நெருங்கிப் போனோம். எவ்வளவு நெருங்கலாம்? பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். அதே கட்டி, காய்ந்த எண்ணெயில் விழுந்து, நாலு எட்டு தள்ளி இருக்கும் கூடத்துக்கு வரும்போது வாசனை. வயலினும் அப்படித்தான். தாழ்ந்த சுரங்கள் எல்லாத் திசையிலும் பரவுகின்றன. உச்ச சுரங்கள் மேல்பலகையிலிருந்து ஒவ்வொரு திசைக்கு ஒவ்வொரு அளவில் சிதறுகின்றன. இவை எல்லாம் காற்றில் சேர்ந்து நாம் வயலின் என்று அறிந்த ஒலியாக ஒரு மீட்டராவது வேண்டும். டென்மார்க்கின் டிபிஏ நிறுவனத்து 4099 போன்ற சின்ன மைக்குகளை வயலின் விளிம்பிலேயே கவ்வ வைத்து, வளையும் கழுத்தால் கம்பிகளுக்கு மேலே நிறுத்துகிறார்கள். ஊளையும் இல்லை, பக்கத்து டிரம்பெட்டும் அதிகம் விழாது. ஆனால் வில் உராயும் கரகரப்பு, விரல் இடம்மாறும் கீச்சு, வாசிப்பவரின் மூச்சு எல்லாம் டப்பாவுக்குள் இருந்தே வருகின்றன. திரையிசைக் கச்சேரிகளில், பின்னால் டிரம்ஸ் அடிக்கும்போது, வேறு வழியில்லை. பிராம்ஸின் சிம்பொனிக்கு இதைச் செய்தால் எனக்குப் பல் கூசும். கவ்வும் மைக்கை அடிப்படைச் சூடாக வைத்துக்கொண்டு, மேலே முக்கால் மீட்டரில் ஒரு மைக்கையும் கலந்து இரண்டுக்கும் நடுவில் பக்குவம் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம்தான் நான்.

இன்னொரு பொறி, நம் பழமொழியே வைத்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வயலின் வரிசைக்குப் பொருந்தாது. முதல் வயலின்கள் பதினாறு என்றால், பதினாறு பேரும் ஒரே சுரத்தைத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் மயிரிழை சுருதி வித்தியாசம், மயிரிழை கால வித்தியாசம். அந்த இழைகள் சேர்ந்துதான் பட்டாகிறது. ஒருவரிடம் மட்டும் மைக் வைத்துப் பெருக்கினால் பதினாறு மடங்கு வராது, சத்தமான ஒரே ஒரு வயலின்தான் வரும். ஒருமுறை, ஊரும் பேரும் வேண்டாம், ஒரு திறந்தவெளிக் கச்சேரி முழுக்க மூன்றாம் வரிசையிலிருந்த ஒருவரை மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். நல்ல வாசிப்பு. தான் அன்று தனிக்கச்சேரி செய்தது அவருக்குத் தெரிந்திருக்காது. இருவர் பகிரும் ஓர் இசைத்தாள் ஸ்டாண்டுக்கு ஒரு மைக், அதுவும் இருவருக்கும் நடுவே மேலிருந்து என்று வைத்தால் எட்டு மைக்கில் பட்டு திரும்பிவிடும். எட்டுக்குச் சிலிண்டர் கணக்கு இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. எல்லாப் பக்கமும் இப்படித்தான், ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டும்.

இனி வெங்காயம். வெட்டிய வெங்காயத்தையும் மூடாத பாலையும் ஃப்ரிட்ஜில் ஒரே தட்டில் வைத்தவர் மறுநாள் காப்பியைக் குடித்துப் பார்த்திருப்பார். ஆர்கெஸ்ட்ராவில் தந்தி வாத்தியங்கள் முன்னால், மரக்குழல்கள் நடுவில், பித்தளை வாத்தியங்கள் பின்னால். டிரம்பெட், டிராம்போன் வாய்கள் முன்னோக்கி, அதாவது முன்னே இருப்பவர்களின் பிடரியை நோக்கித் திறந்திருக்கின்றன. வயோலாவுக்கு வைத்த மைக்கில் பாதி டிராம்போன். மெல்லிய இடத்தில் வயோலா கேட்கவில்லையே என்று அந்த மைக்கின் அளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்றி வைத்தால், அடுத்த பக்கத்தில் டிராம்போன் எழும்போது அதுவும் சேர்ந்து ஏறும். அதுவும் தவறான பக்கத்திலிருந்து, தாமதமாக.

தாளிக்கும்போது கடுகு வெடித்தால் தட்டைக் கேடயமாகச் சாய்த்துப் பிடிப்போம் அல்லவா, மைக்குக்கும் அப்படிக் காது கேளாத பக்கம் உண்டு. இதய வடிவில் கேட்கும் கார்டியாய்ட் மைக்குக்கு நேர் முதுகுதான் செவிட்டுப் பக்கம். அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டுக்கு முதுகு முழுச் செவிடல்ல. முன்பக்கத்திலிருந்து சுமார் 126 டிகிரியில், தோள்பட்டைக்குப் பின்னால் இரு பக்கமும்தான் செவிடு. இது தெரியாமல் மானிட்டர் ஸ்பீக்கரைச் சூப்பர்கார்டியாய்டின் நேர் பின்னால் வைத்துவிட்டு ஊளைக்குக் கம்பெனியைத் திட்டுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பித்தளை வரிசைக்கு முன்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்புகளையும் நிறுத்துவார்கள். பிரெஞ்சு ஹார்ன் மட்டும் தனிப் பிறவி: அதன் வாய் பின்னோக்கியிருக்கும். முன்னால் மைக் வைத்தால் வாசிப்பவரின் முகம்தான் கிடைக்கும். பின்னால் சுவரோ பலகையோ இருந்தால் ஒலி அதில் பட்டுத் திரும்பி, உருண்டையாகி வரும். அதற்காக ஒரு பலகையை நிறுத்தினாலே மைக் தேவையில்லாமல் போன கச்சேரிகள் உண்டு. டிம்பனிக்கும் பெரும்பாலும் தேவையிருக்காது. எல்லா மைக்கும் அதை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு செய்தும் கசிவு போகாது. போகாது என்று ஒப்புக்கொண்டவர்தான் அடுத்த படிக்குப் போகிறார். பூண்டு வாசனை வரத்தான் போகிறது என்றால், கருகாத பூண்டாக வரட்டும். மலிவான மைக்குகள் முன்னால் வருவதை அழகாகவும் பக்கவாட்டில் வருவதைத் தகர டப்பாவில் வந்தது போலவும் கேட்கும். பென்சில் போன்ற சின்னச் சவ்வு கண்டென்சர் மைக்குகள் பக்கவாட்டிலும் கிட்டத்தட்ட அதே நிறத்தில் கேட்கின்றன. ஆர்கெஸ்ட்ரா மேடையில் அவற்றையே பார்ப்பது இதனால்தான். கசிந்து வரும் டிராம்போன் நல்ல டிராம்போனாகவே வந்தால், அது வயோலாவைச் சுற்றி ஒரு சபை போல நிற்கும்.

பக்கத்துப் பக்கத்து மைக்குகளுக்கு நடுவே இடைவெளி விடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து அரை மீட்டரில் இருந்தால், அடுத்த மைக் ஒன்றரை மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். மூன்றுக்கு ஒன்று. அப்படியானால் முதல் வாத்தியம் இரண்டாம் மைக்கில் 9 டெசிபெலுக்கு மேல் தணிந்துதான் விழும். விழுந்தால் என்ன? இங்கே என் அடுக்களை உவமை நொண்டுகிறது. வேறு வழியில்லாமல் நேராகவே சொல்கிறேன். ஒரே ஒலி இரண்டு மைக்குகளில் சம அளவில், 34 சென்டிமீட்டர் பாதை வித்தியாசத்தில் விழுந்தால், ஒன்று மற்றொன்றைவிட ஒரு மில்லிசெகண்ட் தாமதம். இரண்டையும் கூட்டினால் 500 ஹெர்ட்ஸில் ஒன்று மேலேறும்போது மற்றது கீழிறங்கி, இரண்டும் அழிந்துபோகும். 1500-இலும் 2500-இலும் அப்படியே. வரைந்து பார்த்தால் சீப்பின் பல் மாதிரி இருக்கும். உப்பு போட்டதால் உப்பு குறைகிற சமையல் எதையும் நான் கண்டதில்லை. அந்த ஒலியைக் கேட்டவர்கள், மூக்கடைத்த மாதிரி என்பார்கள்.

காலக் கணக்கு வந்துவிட்டது. இதில் அவியல் வைப்பவர்கள் கெட்டிக்காரர்கள். சேனையும் வாழைக்காயும் முதலில் போகும், பூசணி கடைசியில். போடும் நேரம் வெவ்வேறு. இறக்கும்போது எல்லாம் ஒரே பதம். ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. கண்டக்டருக்கு மேலுள்ள முதன்மை மைக்குகளிலிருந்து ஆறு மீட்டர் பின்னால் கிளாரினெட் இருந்தால், அதன் ஒலி முதன்மை மைக்கை அடைய 17 மில்லிசெகண்டுக்கு மேல் பிடிக்கும். கிளாரினெட்டின் சொந்த மைக்கோ உடனே கேட்டுவிடும். அந்த மைக்கை அவ்வளவு நேரம் மிக்ஸரில் காக்க வைத்து விடுவார்கள். பூசணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது போல.

கூட்டத்தின் நடுவே நிற்கும் ஸ்பீக்கர் கோபுரத்துக்கு இது இன்னும் முக்கியம். மேடையிலிருந்து எழுபது மீட்டரில் இருக்கும் கோபுரத்தை 200 மில்லிசெகண்டுக்குச் சற்று மேலே தாமதிக்காவிட்டால், பின்வரிசைக்காரர் ஒவ்வொரு சுரத்தையும் இருமுறை கேட்பார். அதற்கு மேலும் ஒரு பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் சேர்ப்பது நுட்பம். ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதை ஆய்ந்தார்: முதலில் வந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வந்ததோ, அங்கிருந்தே எல்லாம் வருவதாகக் காது நம்பிவிடும், சற்றுப் பின்னால் வருவது சத்தமாக இருந்தாலும் கூட. பக்கத்துக் கோபுரம்தான் ஊட்டுகிறது, கண் மேடையைப் பார்க்கிறது, காதும் மேடை என்கிறது. பந்தியில் யார் கை பரிமாறினாலும் சமையல்காரரைப் பாராட்டுகிறோமே, அது போல. பொழுது சாய்ந்தால் கணக்கைத் திருத்தவும் வேண்டும். 30 டிகிரி மாலை 18 டிகிரி இரவானால் ஒலி மெதுவாகிறது. நூறு மீட்டரில் 6 மில்லிசெகண்ட் பிசகும்.

மூடி இல்லாத குறையை என்ன செய்வது? சிகாகோவின் மில்லேனியம் பூங்காவில் 2004-இல் திறந்த பிரிட்ஸ்கர் அரங்கு இதற்குச் சொன்ன விடை எனக்கு மிகவும் பிடிக்கும். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கேரி, 4,000 இருக்கைகளுக்கும் அதன் பின்னால் 7,000 பேர் உட்காரும் புல்வெளிக்கும் மேலே எஃகுக் குழாய்களால் வலைப்பந்தல் போட்டார். மழையைத் தடுக்காத பந்தல். ஸ்பீக்கர்கள் அதில் தொங்குகின்றன. ஒரு தொகுதி மேடை ஒலியைத் தாமதித்து முன்னாலிருந்து தருகிறது. இன்னொன்று, இல்லாத சுவரும் கூரையும் திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய எதிரொலியை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் தூவுகிறது. மூடியே இல்லாமல் தம். புல்லில் படுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் இருக்கலாம்.

பரிமாறுபவர் தாளிக்கலாமா என்ற சண்டைக்கு வருவோம். 1933 ஏப்ரல் 27 அன்று பெல் ஆய்வகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ரா தன் ஊரிலேயே வாசித்தது; மூன்று மைக், மூன்று தொலைபேசி வழி, வாஷிங்டன் அரங்க மேடையில் மூன்று ஸ்பீக்கர். குழுவின் புகழ்பெற்ற கண்டக்டர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி அன்று கோலைத் தொடவில்லை. கோலை அலெக்ஸாண்டர் ஸ்மாலன்ஸிடம் கொடுத்துவிட்டு, வாஷிங்டனில் திருகுகளின் முன்னால் உட்கார்ந்தார். தலைமைச் சமையல்காரரே அடுப்பை விட்டுப் பரிமாற வந்துவிட்டார். ருசி கடைசியில் யார் கையில் இருக்கிறது என்று அவர் மோப்பம் பிடித்திருக்க வேண்டும். ஆர்கெஸ்ட்ரா ஓரிடம், கேட்பவர் ஓரிடம் என்பது ஆஸ்திரியாவின் பிரெகன்ஸ் விழாவில் இன்றைக்கு வழக்கமே: மேடை ஏரிக்குள் நிற்கிறது, பாடகர்கள் அங்கே, வியன்னா சிம்பொனி குழுவோ பக்கத்துக் கட்டடத்துக்குள். வெளியே இருப்பவர்களுக்கு ஆர்கெஸ்ட்ராவின் ஒரு சுரம்கூட மைக் இல்லாமல் கிடைக்காது.

ஆனால் என் கட்சி மாறவில்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேலின் பொலேரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1928-இல் எழுதியது, ஸ்னேர் முரசு காதோடு பேசுவது போல் தொடங்கும், ஒற்றைப் புல்லாங்குழல் சேரும், பிறகு கால் மணி நேரம் ஏறிக்கொண்டே போகும். முதல் நிமிஷம் பின்வரிசையில் கேட்கவில்லை என்று குறுஞ்செய்தி வரும். கை பரபரக்கும். அப்போதே ஃபேடரைத் தாராளமாக ஏற்றிவிட்டால், முதல் பந்திச் சோற்றிலேயே வயிறு நிரம்பிய விருந்தாளி மாதிரி, கடைசியில் டிராம்போன்கள் வரும்போது ஏறுவதற்கு இடம் இருக்காது. பாயசம் இலைக்கு வெளியே ஓடும். நல்ல பொறியாளர் ஸ்கோரை மடியில் வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் மூன்று டெசிபெல் மட்டும் தாங்கி, கேட்பவர் கவனிக்காத நிதானத்தில் அதையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துவிடுவார். கடைசிப் பக்கத்தில் கண்டக்டர் வைத்த அளவு அப்படியே இருக்கும்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு மேடைக்குப் போனால், மண்டபம் காலியான கல்யாண வீட்டின் காட்சிதான். ஒருவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உதவியாளர்கள் ஒவ்வொரு வயலினிலிருந்தும் கவ்விய மைக்கைக் கழற்றி, வயரைச் சுற்றிக் கொண்டுவந்து தருவார்கள். வாடகைப் பாத்திரம் எண்ணுவது போல எண்ணிக்கை நடக்கும். இருபத்தெட்டு, இருபத்தொன்பது. ஒன்று குறைகிறது. வயோலாக்காரர் ஒருவர் கவ்வியதோடு பெட்டியை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஒரு பையன் வாசலுக்கு ஓடுகிறான்.